சுவரில் ஒரு வெள்ளைத் தொப்பி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் கல்யாண ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்காக அல்ல, அவர்களைத்தான் எல்லாரும் பார்க்கிறார்களே. நான் ஓரத்தில் நிற்பவர்களைப் பார்ப்பேன். எந்த நாத்தனார் மாப்பிள்ளையின் தோளை ஒட்டி நிற்கிறாள், எந்தச் சித்தப்பா மேடையில் இல்லாமல் பந்தியில் மட்டும் இருக்கிறார், யார் இடுப்பில் குழந்தை, யார் இடுப்பில் சாவிக்கொத்து. பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் அந்த வீட்டில் யார் சொல் எடுபடும், யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்று சொல்லிவிடுவேன். முக்கால்வாசி சரியாக இருக்கும். "உனக்கு இருக்குறது கண்ணா, எக்ஸ்ரே மெஷினா?" என்பார் என் கணவர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டினேன். அந்தப் பெருமைதான் ஒருநாள் என் காலை வாரியது.

ஒரகடத்தில் காருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். வீடு பென்னலூரில். பஸ் வராவிட்டாலும் சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். வெளியூரிலிருந்து, வெளிநாட்டிலிருந்து யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் அவர்களுக்குக் கம்பெனியைச் சுற்றிக்காட்டுவதும் நான்தான். பேசத் தெரிந்தவள் என்று பெயர்.

எங்கள் கம்பெனியில் ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தொப்பியைப் பார்ப்போம். லைன் லீடருக்கு வெள்ளை, பெர்மனென்ட் தொழிலாளிக்கு நீலம், காண்ட்ராக்ட் ஆளுக்குப் பச்சை, புதிதாகச் சேர்ந்தவருக்கு மஞ்சள். கேன்டீனில் இன்னார் இங்கே உட்கார வேண்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. இருந்தாலும் நீலம் எல்லாம் மின்விசிறிக்குக் கீழே, பச்சை எல்லாம் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். வாலாஜாபாத் பக்கம் பெண் கொடுப்பவர்கள் "மாப்ளைக்கு தொப்பி இன்னா கலரு?" என்று கேட்கிற அளவுக்கு இது ஊருக்குள்ளும் போய்விட்டது.

அந்தக் கேன்டீனின் நீளமான சுவரில், ஆண்டு விழாவை ஒட்டி, கம்பெனியின் கதையை ஓவியமாக வரைவது என்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். வந்ததும் தூரிகையை எடுப்பார் என்று பார்த்தால், ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பத்து நாள் லைன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டே இருப்பார். மனிதர் சும்மா உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் என்னிடம் முணுமுணுத்தார்.

பத்தாம் நாள் ஓவியர் என்னிடம் வந்து, ஒரு பெண்ணை அரை மணி நேரம் போஸ் கொடுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். யாரைக் காட்டுகிறார் என்று பார்த்தேன். கதவின் உள்பக்கப் பலகையில் கிளிப் பொருத்தும் லைனில் வேலை செய்கிறவள். வாலாஜாபாத்துக்குப் பக்கத்து ஊர், முப்பத்தைந்து வயது, ஆறு வருஷமாகப் பச்சைத் தொப்பி. கிளிப் சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று அது எழுப்பும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். லைன் நின்றுபோனால் லீடரைத் தேடுவதற்கு முன்னால் அவளைத்தான் தேடுவார்கள். ஆளை பெர்மனென்ட் ஆக்கும் பட்டியல் வருஷத்துக்கு ஒருமுறை வரும். அதில் அவள் பெயர் வந்ததே இல்லை.

அவள் கையை உயர்த்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிளிப்பைப் பிடித்துக் காட்டுவது போல நின்றாள். மோதிர விரலில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. "அடிபட்டுடுச்சா?" என்று ஓவியர் கேட்டார்.

"இல்ல சார், மோதிரம். பொண்ணு பொறந்ததுல இருந்து வெரல் வீங்கிக்கினு கயட்ட வரல. மோதிரம் பட்டா பலகைல கீறல் வுழும்னு டேப்பு சுத்திக்கினு வரணும். தெனம் காலைல எம் பொண்ணுதான் சுத்தி வுடும். நானே சுத்துனா ஒத்துக்காது" என்றாள். பெண் ஏழாவது படிக்கிறாளாம். அம்மாவைச் சுவரில் வரையப்போகிறார்கள் என்று அன்று மாலையே தெரு முழுக்கச் சொல்லிவிட்டதாம். குடும்ப விழாவுக்கு எப்போது கூட்டிப்போவாய் என்று தினமும் நச்சரிப்பதாக அவளே மறுநாள் என்னிடம் சொன்னாள். வருஷத்துக்கு ஒருநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளிகள் தங்கள் வீட்டாரை உள்ளே அழைத்து வந்து காட்டலாம். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

ஓவியம் முடிந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. இடது கோடியில் ஏரியும் வேர்க்கடலைக் கொல்லையும். அடுத்து பூமி பூஜை. அதற்கடுத்து லாரியிலிருந்து இறங்கும் முதல் மெஷின். நடுவில், எல்லாவற்றையும் விடப் பெரிதாக, லைன். பிறகு கேட்டை விட்டு வெளியேறும் சரக்கு லாரி. வலது கோடியில் விருது வாங்கும் மேடை.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், பிளான்ட் ஹெட் ஐந்தாறு அதிகாரிகளோடு பார்க்க வந்தார். எங்கள் எச்.ஆர். தலைவரும் கூட இருந்தார். "வெளியாளுங்க வந்தா நீங்கதானே சொல்லணும், எங்க, சொல்லுங்க கேப்போம்" என்றார் பிளான்ட் ஹெட்.

கேட்டாரே ஒரு கேள்வி. அதற்காகவே காத்திருந்தவள்போல நான் ஆரம்பித்தேன். "சார், இடது பக்கத்துல இருந்து படிச்சா இது கம்பெனி கதை. யார் யாரைப் பாக்குறாங்கன்னு படிச்சா வேற கதை" என்றேன். பூமி பூஜையில் அதிகாரிகள் எல்லாரும் படத்துக்கு வெளியே, நம்மைப் பார்த்து நிற்கிறார்கள், போட்டோவுக்கு நிற்பதுபோல. படத்துக்கு உள்ளே இருக்கும் ஒருவர்கூட அவர்களைப் பார்க்கவில்லை. ஐயர் கற்பூரத்தைப் பார்க்கிறார், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஊர்க்காரர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். அவர்கள் நிற்கும் தரையை ஓவியர் ஒரு சாண் இறக்கி வரைந்திருக்கிறார், அதனால் அவர்கள் தலை அதிகாரிகளின் தோள் அளவுக்குத்தான் வருகிறது. விருது மேடையில் கைதட்டும் கைகள் இருக்கின்றன, முகங்கள் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். பிளான்ட் ஹெட் சிரித்தார். எனக்கு வாலில் நெருப்பு வைத்த மாதிரி வேகம் வந்துவிட்டது.

நடுப்படத்துக்கு வந்தேன். "இங்க பாருங்க சார். ஏழு பேர் இருக்காங்க, ஏழு பேரும் ஒரே கையைப் பாக்குறாங்க. மேல இருக்கிற டியூப் லைட், கீழ ஓடுற பெல்ட், எல்லாக் கோடும் அந்தக் கையிலதான் போய் முடியுது. நீலத் தொப்பிக்காரர் குனிஞ்சு கேட்டுக்கிறாரு. நிஜத்துல பச்சைத் தொப்பி போட்டிருக்கிறவங்களுக்கு ஓவியர் வெள்ளைத் தொப்பி வெச்சிருக்காரு. கிரீடம் வெக்கிற மாதிரி. என்ன துணிச்சல் பாருங்க!"

அதுவரை அந்தத் தொப்பியை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. தினமும் அந்தக் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான பேரும் கவனிக்கவில்லை. முகம் அவளுடையது என்பதிலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"இது யாரு?" என்றார் பிளான்ட் ஹெட்.

"கிளிப் லைன்ல காண்ட்ராக்ட்டுல இருக்கிற அம்மா சார்" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர்.

"காண்ட்ராக்ட்டுக்கு வெள்ளைத் தொப்பியா? நாளைக்கு ஆடிட்டுக்கு வர்றவன் கேட்டா என்ன சொல்றது? பச்சையா மாத்திடுங்க."

எங்கள் எச்.ஆர். தலைவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "பச்சையாக்கினா இன்னும் மோசம் சார். காண்ட்ராக்ட் ஆளுங்க எடுபிடி வேலை மட்டும்தான் செய்றாங்கன்னு லேபர் ஆபீசுக்கு நாம எழுதிக் குடுத்திருக்கோம். பச்சைத் தொப்பி நீலத் தொப்பிக்கு வேலை கத்துக்குடுக்கிற மாதிரி நாமளே சுவத்துல வரைஞ்சு வெச்சா, எவனாவது போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடுவான். தொப்பி வெள்ளையாவே இருக்கட்டும். முகத்தை மட்டும் லைன் லீடர் முகமா மாத்திடலாம்."

"அதுவும் சரிதான்" என்றார் பிளான்ட் ஹெட்.

"சார், அவங்க அரை மணி நேரம் நின்னு போஸ் குடுத்தாங்க" என்றேன். "ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க" என்றார் அவர். எல்லாரும் கலைந்தார்கள். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பேசிய என் வாயை எதைக்கொண்டு தைப்பது என்று தெரியாமல் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். அவமானமாக இருந்தது. என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஓவியருக்கு போன் போடுவதும் என் வேலைதான். விஷயத்தைச் சொல்லிவிட்டு, மனது கேட்காமல், "நீங்க ஏன் சார் வெள்ளைத் தொப்பி வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"பின்னாடி இருக்கிற மெஷின் பச்சை மேடம். பச்சைக்கு முன்னாடி பச்சைத் தொப்பி வெச்சா தலையே தெரியாது. அதுக்காக வெள்ளை. ஏன், அதுல ஏதாவது இருக்கா?"

தொப்பி நிறத்துக்கு எங்கள் கம்பெனியில் ஓர் அர்த்தம் இருப்பதே மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்து நாள் உட்கார்ந்து பார்த்தவர், ஒருவரிடமும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. கிரீடமாம், துணிச்சலாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அப்போ எல்லாரும் அவங்க கையைப் பாக்குற மாதிரி வரைஞ்சது?"

"அது நான் பண்ணது இல்லை மேடம். பத்து நாளும் எல்லாரும் அப்படித்தான் பாத்தாங்க."

நியாயமாக அன்றே நான் அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். திறப்பு விழாவை ஒரு வாரம் ஒத்திவைத்தார்கள். நடுப்படத்தின்மேல் தார்ப்பாய் தொங்கியது. ஓவியர் வந்து இரண்டு நாள் வேலை பார்த்தார். லைன் லீடர் மதுரைப் பக்கத்துக்காரர், சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்க வந்து அங்கேயே குடும்பமாகிவிட்டவர். அவரிடம் போட்டோ கேட்டபோது, "எம் போட்டோ எதுக்கு மேடம்?" என்றார். காரணம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் அவரும் இல்லை, நானும் இல்லை.

தார்ப்பாயை எடுத்த அன்று நான் முதலில் போய்ப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பிக்குக் கீழே மீசை வைத்த முகம். கச்சிதமாகத்தான் பொருந்தியிருந்தது. என் கண் பழக்கதோஷத்தில் கீழே இறங்கியது. உயர்த்திய கை அப்படியே இருந்தது. ஒல்லியான மணிக்கட்டு, மோதிர விரலில் சுற்றிய டேப்பு, அதன் ஓரம் கொஞ்சம் பிரிந்து நிற்பதுகூட. முகத்தை மாற்றச் சொல்லி, போனுக்குப் பிறகு நான் அனுப்பிய கடிதத்தில் முகம் என்று மட்டும்தான் போட்டிருந்தேன். ஓவியர் கடிதத்துக்கு மேல் ஒரு துளி பெயின்ட்கூடச் செலவழிக்கவில்லை.

எச்.ஆர். தலைவர் வந்தார். பார்த்தார். "ஓக்கேதானே? வேற எதுவும் உங்க கண்ணுல படுதா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். படத்தைப் பற்றி இவ்வளவு சின்னதாக நான் பேசியது அதுதான் முதல் தடவை.

மதியம் அவள் வந்தாள். தட்டைப் பிடித்தபடி சுவருக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்றாள். போய், சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்கப்புறம் தினமும் அதே பக்கம், அதே மாதிரி. அவளுக்குச் சோறு இறங்கியதோ என்னவோ, எனக்கு இறங்கவில்லை. என்னைப் பார்த்தால் "வணக்கம் மேடம்" என்று மட்டும் சொல்வாள். முன்பெல்லாம் நின்று நாலு வார்த்தை பேசுகிறவள். அன்று தொப்பியைப் பற்றி நான் பேசியதுதான் காரணம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

குடும்ப விழாவுக்குப் பெயர் கொடுக்கும் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. அவள் பெயர் இல்லை. கடைசி நாள் மாலை பஸ் ஏறும் இடத்தில் பிடித்துக் கேட்டேன்.

"இன்னாத்துக்கு மேடம்? எங்கம்மா படம் கீது, எங்கம்மா படம் கீதுன்னு அது இஸ்கோல்ல எல்லாம் சொல்லி வெச்சிக்கீது. வந்து பாத்தா இன்னா சொல்றது? கம்பெனில வுடலன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீது. காலைல டேப்பும் சுத்தி வுடல. நானே சுத்திக்கினு வர்றேன்." கையைக் காட்டினாள். டேப்பு கோணலாக இருந்தது.

"கூட்டிட்டு வாம்மா" என்றேன். அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். சுவரில் இருக்கும் கையைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் பத்துப் பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். யார் காதிலாவது விழுந்து, அது மேலே போய், கையும் அழிந்துவிட்டால்? பயம்தான். நானே அவள் பெயரைப் பட்டியலில் எழுதி, கூட வருபவர் ஒருவர் என்று போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்தும் இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேஜிக் காட்டுகிறவர், ஐஸ்கிரீம், கேன்டீனில் பிரியாணி. அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். பன்னிரண்டு மணிக்குக் கேன்டீன் வாசலில் நின்றிருந்தாள், கையைப் பிடித்தபடி அவள் பெண். பெண்தான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தது என்பது இருவரும் உள்ளே நடந்து வந்த வேகத்திலேயே தெரிந்தது.

பெண் சுவரின் இடது கோடியிலிருந்து ஆரம்பித்தது. ஏரி, பூஜை, லாரி என்று ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே வந்தது. நடுப்படத்தையும் தாண்டிப் போய், மேடை வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பியது. "எங்க கீறம்மா நீ?"

"அயிச்சிட்டாங்கடி. முன்ன இருந்துது. வா, சோறு துன்னலாம்."

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மா பொய் சொல்லியிருக்கிறாள் என்றுதான் அது நினைத்தது. நான் நாலடி தள்ளி, தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு இந்தப் பக்கம் எச்.ஆர். தலைவர், மனைவியோடு. அந்தப் பக்கம் லைன் லீடர், தன் இரண்டு பிள்ளைகளுக்குச் சுவரில் இருக்கும் தன் முகத்தைக் காட்டாமலேயே பிரியாணி வரிசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பெண் மறுபடியும் நடுப்படத்துக்கு வந்து நின்றது. அண்ணாந்து பார்த்தது. சட்டென்று நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் அந்த விரலைத் தொட்டது.

"எம்மா! இது நான் சுத்துன டேப்பு! ஓரத்த மடிக்காம வுட்டுட்டேன்னு திட்டினியே, அதேதான்! இது உன் கை!"

கேன்டீனில் பாதிப் பேர் திரும்பினார்கள். எச்.ஆர். தலைவர் கையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் டம்ளருக்குள் பார்த்தேன். அந்தச் சமயத்தில் லைன் லீடர் வரிசையை விட்டு வந்து, நாற்காலி சாயாமல் பிடித்துக்கொண்டார். "ஆமா தாயி, அது உங்க அம்மா கைதான்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நான் இந்த லைனுக்கு வந்தப்ப கிளிப்புப் போடச் சொல்லிக் குடுத்ததே உங்க அம்மாதான்." அத்தனை குடும்பங்களை வைத்துக்கொண்டு எச்.ஆர். தலைவரால் என்ன சொல்ல முடியும்? மனைவியை அழைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் பக்கம் போனார். அப்புறமும் அவர் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கை இன்றுவரை சுவரில் இருக்கிறது.

அவள் அப்போதுதான், அத்தனை நாளுக்குப் பிறகு, நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். அன்றைக்கு டேப்பு இல்லை, மோதிரம் மட்டும் இருந்தது. பெண்ணை லைன் லீடரின் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கவைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"கை இருக்குறது உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"மொத நாளேவா?"

"மொத நாளே பாத்தேன்."

"யார் கையிலயும் சொல்லல?"

"சொல்லல."

தலையை ஆட்டினாள். கோபம் மாதிரி இல்லை, சிரிப்பும் இல்லை. பிரியாணி வரிசையில் அவள் பெண் கையை உயர்த்தி யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தொப்பியப் பத்தியும் அப்டியே சொல்லாம வுட்டிருக்கலாமே மேடம்."

விட்டிருக்கலாம்தான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டு, பெண் நின்ற வரிசைக்குப் போனாள்.